பேனர் இயந்திரத்தின் ஹெட்: அடைப்பும் பராமரிப்பும்

மளிகை வணிகர்களுக்கான இதழில் அச்சு இயந்திரத்துக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இன்று நம் உறுப்பினர் குடும்பங்களில் பல, அரிசி பருப்பு வியாபாரத்தை மட்டுமே நம்பி இருக்கவில்லை. தந்தை கல்லாவில் இருக்கிறார். மகன் பக்கத்து அறையில் கணினியும் ஃபிளெக்ஸ் இயந்திரமும் வைத்துப் பேனர் அடித்துக் கொடுக்கிறான். அந்த இயந்திரத்துக்கு முதல் போட்டது கடைப் பணம். மாதத் தவணை போவதும் கடைக் கல்லாவிலிருந்துதான். இயந்திரம் ஒரு மாதம் நின்றால், அந்த மாதம் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணம் தள்ளிப்போகிறது. ஆகவே இது நம் பாடமே.

இந்தப் பாடத்தைப் பழவேற்காட்டை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறோம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் ஊர் அது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கே இருக்கிறது. வண்ணத் துணிக்குப் பெயர் போன ஊரும்கூட. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கோட்டை கட்டியது இந்தத் துணி வியாபாரத்துக்காகத்தான். மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலிகாட்' என்று சொல்வது இவ்வூர்ப் பெயரை வைத்தே. அந்த ஊரில் இன்று வண்ணம் போடும் வேலையை இயந்திரம் செய்கிறது. வேலைக்கு இடைஞ்சல் செய்வது உப்புக் காற்று.

உப்புக் காற்றைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. குப்பங்களில் வேலை வருகிற விதம்தான் அது. அரங்கன்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்களில் ஆடி மாதம் அம்மன் திருவிழா என்றால் வரிசையாகப் பேனர் வேலை வரும். தை மாதம் திருமண வேலை வரும். தேர்தல் வந்தால் இரவு பகல் இல்லை. பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் இராது. புயல் எச்சரிக்கைக் கொடி ஏறினாலோ, ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்பாடு குறைந்தாலோ ஊரில் கைப்பணம் இல்லை. பணம் இல்லாத ஊரில் பேனரும் இல்லை. 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைத்த பேனர் சரிந்து விழுந்ததில் இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு ஏற்பட்ட கெடுபிடியில் இந்தத் தொழிலில் வேலை இன்னும் குறைந்தது. அந்தக் கெடுபிடி வேண்டியதுதான் என்பதே நம் கருத்து. அனுமதி இல்லாத பேனருக்கு நம் உறுப்பினர்கள் துணை போகக் கூடாது.

இப்படி விட்டு விட்டு வேலை வருவதுதான் ஹெட்டுக்கு எமன். லாரி ஓட ஓடத் தேயும். ஆட்டுக்கல் அரைக்க அரைக்கத் தேயும். ஹெட் அப்படியல்ல. தினமும் ஓடும் ஹெட் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது; பத்து நாள் மூடிக் கிடந்த ஹெட் பதினோராம் நாள் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பதினோராம் நாள் பார்த்துத்தான் யாராவது ஒருவர் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் புகைப்படத்தோடு வந்து நிற்பார். இறப்பு சொல்லிவிட்டு வருவதில்லை. அந்த வேலையை நாளைக்கு என்று தள்ளவும் முடியாது. இறந்தவர் முகத்தின் மேல் வெள்ளைக் கோடு விழுந்த பேனரை எந்தக் கடைக்காரர் மனம் ஒப்பிக் கொடுப்பார்?

ஹெட்டுக்குள் என்ன இருக்கிறது

பழைய பம்ப் ஸ்டவ்வை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் நிப்பிளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளை இருக்கும். அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னால் குத்தி எடுப்போம். ஹெட் என்பது அப்படிப்பட்ட துளைகள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில், அணிவகுத்து நிற்கும் ஒரு சிறு தகடு. இந்தத் துளையைத்தான் நாசில் என்கிறோம். ஃபிளெக்ஸ் இயந்திரங்களில் பரவலாக இருந்துவரும் கோனிகா 512 ஹெட்டில் 512 நாசில்கள். எப்சன் வகையில் எக்ஸ்பி 600-இல் 1,080. டிஎக்ஸ் 5-இல் 1,440. ஐ 3200-இல் 3,200. ஒவ்வொரு துளையும் தலைமுடியின் பருமனில் பாதிகூட இராது. ஆகவே பின்னும் ஊசியும் இங்கே உதவா. குத்தினால் துளை அகன்றுவிடும். அகன்ற துளைக்கு வைத்தியம் இல்லை.

மை வெளியே வருவது எப்படி? குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பிரான்சு நாட்டின் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அசையும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியாயிற்று. ஒவ்வொரு நாசிலுக்குப் பின்னாலும் அப்படி அசையும் பொருள் ஒன்று இருக்கிறது. மின்துடிப்பு வரும்போதெல்லாம் அது மை அறையை அழுத்த, ஒரு துளி பாய்கிறது. இதற்குப் பீசோ முறை என்று பெயர். கோனிகா 512 வரிசையில் ஒரு வகையின் துளி அளவு 42 பிகோ லிட்டர். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் மையில் ஏறத்தாழ 2,380 கோடித் துளிகள். இவ்வளவு சிறு துளியின் வாயில் காற்றுப் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வடித்த கஞ்சியைத் திறந்து வைத்தால் மேலே ஆடை கட்டுகிறது அல்லவா? அதுதான் நடக்கிறது. முதலில் ஆடை, பிறகு பிசின், பிறகு கல். ஆடையாக இருக்கும்போது அகற்றுவது ஐந்து நிமிட வேலை. கல்லான பிறகு ஹெட்டையே மாற்ற வேண்டி வரலாம். ஹெட் விலை வகைக்கு ஏற்ப பல ஆயிரத்திலிருந்து லட்சம் வரைக்கும் போகும்.

காலையில் முதல் வேலை

கடையைத் திறந்ததும் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டு, தராசைத் துடைத்து வைப்பதுபோல, பேனர் அறையில் முதல் வேலை நாசில் டெஸ்ட். இயந்திரத்தில் அதற்கான கட்டளை இருக்கிறது. நான்கு வண்ணத்திலும் படிக்கட்டுபோல் சிறு சிறு கோடுகள் விழும்; எந்தக் கோடு இல்லையோ அந்த நாசில் வேலை செய்யவில்லை. அந்தத் துண்டை வெட்டித் தேதி எழுதி ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பேரேடு எழுதாத வியாபாரி நட்டத்தைக் கடைசியில்தான் அறிவான். ஹெட்டுக்கும் அதே கதை. முந்தாநாள் இரண்டு கோடு, நேற்று நான்கு, இன்று ஒன்பது என்று போனால், நாளை என்ன என்பது கோப்பிலேயே தெரிந்துவிடும்.

இந்தத் துண்டைப் படிக்கத் தெரிவதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி. பலர் கோடு காணாமல் போனதும் கிளீனிங் பொத்தானை அழுத்துகிறார்கள். சரியாகவில்லை என்றால் மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு அழுத்தலிலும் மை உறிஞ்சப்பட்டுக் கழிவுக் குப்பிக்குப் போகிறது. நோய் எது என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து இது.

முதலில், நாசில் டெஸ்ட்டை அடுத்தடுத்து இரண்டு முறை எடுத்து, இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே கோடுகள் இல்லை என்றால் அது அடைப்பு. கிளீனிங் செய்யலாம். முதல் துண்டில் ஓர் இடம், இரண்டாவதில் வேறு இடம் என்று மாறி மாறி விடுபட்டால் அது அடைப்பு அல்ல. மைக்குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மை போதுமான அளவு வந்து சேரவில்லை. இதற்கு எத்தனை முறை கிளீனிங் செய்தாலும் பயன் இராது. குழாய் இணைப்பு, டேம்பர், வடிகட்டி, பம்ப் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பேனரின் முதல் அடி நன்றாக வந்து, போகப் போக ஒரு வண்ணம் மட்டும் வெளுத்தால் அதுவும் மை வரத்துக் குறைவே. சில நேரம் மைக்கலத்தின் மூடியில் உள்ள காற்றுத் துளை மூடியிருப்பது மட்டுமே காரணமாக இருக்கும்; அதைத் திறந்துவிட்டால் முடிந்தது.

ஒரு வண்ணம் முழுவதும் திடீரென்று இல்லாமல் போனால், அத்தனை நாசிலும் ஒரே இரவில் அடைத்துவிட்டன என்று எண்ண வேண்டாம். மைக்கலத்தில் மை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேபிள் அல்லது மின்பலகைக் கோளாறாக இருக்கலாம். மஞ்சள் கோட்டில் சிவப்புச் சாயல் கலந்து வந்தால் கேப்பில் மை தேங்கி, ஒரு வண்ணம் இன்னொன்றுக்குள் ஏறுகிறது. கேப்பையும் அதன் உறிஞ்சு குழாயையும் சுத்தம் செய்ய வேண்டும். கோடு இருக்கிறது, ஆனால் சாய்ந்து விழுகிறது என்றால் நாசில் வாயோரம் அழுக்கு அல்லது நூல்தும்பு ஒட்டியிருக்கிறது.

அடைப்பு என்று உறுதியானால் சாதாரணக் கிளீனிங் ஒருமுறை, வேண்டுமானால் இன்னொருமுறை. மூன்றாவதுக்குப் பிறகும் தேறவில்லையென்றால் நிறுத்திவிட்டு, கேப்பில் அந்த மைக்குரிய கிளீனிங் திரவம் நிரப்பி, ஹெட்டை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தி, சில மணி நேரம் ஊற விடுங்கள். இரவு முழுவதும் ஊறினால் இன்னும் நல்லது. புளியை ஊறவைக்காமல் பிழிந்தால் சக்கைதான் கிழியும்.

சுத்தம் செய்யும்போது எது ஆகும், எது ஆகாது

கேப், வைப்பர் இரண்டும் தினமும் சுத்தமாக வேண்டும். ஹெட் ஓய்வெடுக்கும்போது அதன் அடியை மூடி ஈரம் காப்பது கேப். அடியைத் துடைத்துவிடும் ரப்பர் தகடு வைப்பர். கேப்பின் விளிம்பில் காய்ந்த மை படிந்தால் மூடி சரியாகப் பொருந்தாது. ஊறுகாய் ஜாடியின் மூடி இடுக்கில் உப்புப் படிந்தால் காற்றுப் புகுவது போலத்தான். வைப்பரில் அழுக்கு இருந்தால் அது துடைப்பதற்குப் பதில் அழுக்கைப் பூசிவிட்டுப் போகும். பஞ்சு சுற்றிய காது குடையும் குச்சியைப் பயன்படுத்தக் கூடாது. அதன் இழை நாசிலில் சிக்கிக்கொள்ளும். நுரைப் பஞ்சு வைத்த குச்சியும், இழை பிரியாத துணியும் அச்சுப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. நாசில் தகட்டைத் தேய்க்கவே கூடாது. ஈரத்துணியை ஒற்றி எடுக்கலாம். சுற்றியுள்ள விளிம்பை மட்டும் துடைக்கலாம்.

திரவத்தில்தான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். சால்வென்ட் மை, எக்கோ சால்வென்ட் மை, தண்ணீர் மை, யு.வி. மை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிளீனிங் திரவம் உண்டு. பெயின்ட் கடைத் தின்னரை வாங்கி ஊற்றினால் மை கரையும் என்பது உண்மைதான். ஹெட்டின் உள்ளே தகடுகளை ஒட்டியிருக்கும் பசையும் கூடவே கரையக்கூடும். எப்சன் வகை ஹெட்டுகளில் இந்த ஆபத்து அதிகம்.

தண்ணீர் மைக்குத் தண்ணீர்தானே என்று குழாயைத் திறப்பதும் தவறு. பழவேற்காடு போன்ற ஊர்களில் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று அங்கே டீ குடித்தவர்களுக்குத் தெரியும். அந்த நீர் நாசிலில் உலர்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்புத் தங்கிவிடும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஆகும். அதுவும் தண்ணீர் மைக்கு மட்டும். சால்வென்ட் மை ஓடும் ஹெட்டில் தண்ணீர் படவே கூடாது. மை கெட்டியாகிவிடும்.

ஊசிக் குழலில் திரவம் ஏற்றி ஹெட்டுக்குள் செலுத்துவது மெக்கானிக் செய்யும் வேலை. அவசரத்துக்கு நீங்களே செய்ய நேர்ந்தால், கட்டைவிரலில் பலம் காட்டக் கூடாது. போகாத இடத்தில் அழுத்தினால் உள்ளே சவ்வு கிழியும். திரவம் தானாக இறங்கும் அளவுக்கே தள்ள வேண்டும். ஹெட்டை அதிர்வுத் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்வதை எல்லா வழியும் மூடிய பிறகு, தெரிந்தவர் கையால், நாசில் தகடு மட்டும் நனையும்படி, சில நொடிகளுக்கு மட்டுமே செய்ய வேண்டும்.

மை வாங்குவதிலும் ஒரு சொல். சரக்கு அறையில் முதலில் வந்த மூட்டையை முதலில் விற்பது நமக்குக் கற்றுத் தர வேண்டியதில்லை. மைக்கும் அதே விதி. அதற்கும் கெடுநாள் உண்டு. ஊற்றுமுன் புட்டியை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுக்க வேண்டும். அடியில் வண்ணத்துகள் தங்கியிருக்கும். விலை குறைவு என்று கம்பெனி மாற்றினால், புது மையைப் பழைய மையின் மேல் ஊற்றாதீர்கள். இரண்டையும் சிறு கண்ணாடிக் குப்பியில் கலந்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். திரிந்த பால்போல் கட்டி கட்டியாக நின்றால், அதே காட்சிதான் ஹெட்டுக்குள்ளும் நடக்கும். எதுவானாலும் மை மாற்றும்போது குழாய்களைக் கிளீனிங் திரவத்தால் கழுவிய பிறகே புது மை.

உப்பும் மாவும்

கல்லுப்பு மூட்டை ஐப்பசி, கார்த்திகையில் தானாகக் கசிவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும் என்பதே அதன் காரணம். கடலோரக் காற்றில் வந்து படியும் உப்புத் துகளும் அப்படியே செய்கிறது. மின்பலகையின் மேலும், ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கேபிளின் முனையிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு, மழைக்காலத்தில் ஈரமாகி மின்சாரம் கடத்துகிறது. விளைவு ஷார்ட். மையால் அடைத்த ஹெட்டையாவது மீட்கலாம். மின்சாரத்தால் எரிந்ததை மீட்க முடியாது. ஆகவே கடலைப் பார்த்த ஜன்னலை அடைத்துவிடுங்கள். அறை ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதம் வரை இருப்பது நல்லது. சுவரில் மாட்டும் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்தான். குளிர்சாதனம் வைத்தால் அதன் காற்று நேராக ஹெட்டின் மேல் அடிக்கக் கூடாது. ஈரத்தைத் தடுக்கப் போய் நாசிலைக் காய வைப்போம்.

மளிகைக் கடையை ஒட்டிய அறை என்பதால் இன்னொன்று. மிளகாய்த்தூளும் கோதுமை மாவும் எடை போடும் இடத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே கதவு இருக்க வேண்டும், அதுவும் மூடியிருக்க வேண்டும். மாவுத்தூள் ஃபிளெக்ஸ் மேல் படிந்து, ஈர மையோடு சேர்ந்து, ஹெட்டின் அடியில் ஒட்டும். ஃபிளெக்ஸ் சுருளை ஈரத்தரையில் நிறுத்தி வைத்தாலும் ஓரம் சுருண்டு எழும்பும். இரண்டு மூன்று மில்லி மீட்டர் உயரத்தில் ஓடும் ஹெட், எழும்பிய ஓரத்தில் உரசும். ஓர் உரசலில் ஒரு வரிசை நாசில் போய்விடலாம்.

கேபிளைக் கழற்றிப் பொருத்தும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் கழித்தே தொட வேண்டும். கை ஈரமாகவோ மையாகவோ இருக்கக் கூடாது. உப்பு மண்ணில் எர்த் குழாய் சீக்கிரம் அரித்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பாக, எலக்ட்ரீசியனை வைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியும் இங்கேயே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கடையில் சூடம் காட்டி, சாம்பிராணி போடுவது நம் வழக்கம். சால்வென்ட் மை வைத்திருக்கும் அறைக்குள் அந்தத் தட்டு போகக் கூடாது. அந்த மையில் பெரும்பாலும் சேர்க்கப்படும் சைக்ளோஹெக்சனோன் என்ற திரவத்தின் ஆவி 44 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரை அறை என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பூஜை முன்கடையில் இருக்கட்டும். அறையில் காற்றை வெளியேற்றும் விசிறியும், வேலை செய்பவர் கையில் நைட்ரைல் கையுறையும் இருக்கட்டும்.

மாலையிலும், வேலை இல்லாத நாள்களிலும்

மாலையில் கடை சாத்துமுன் கேப்பைத் துடைத்து, அதன் பஞ்சில் சில சொட்டுக் கிளீனிங் திரவம் விட்டு, ஹெட்டை அதன் மேல் நிறுத்த வேண்டும். கேப் இல்லாத பெரிய சால்வென்ட் இயந்திரங்களில், திரவத்தில் நனைத்த இழை பிரியாத துணியைத் தட்டில் விரித்து, நாசில் அதைத் தொடும்படி வைத்து மூடுவார்கள்.

வேலை இல்லாத நாளில் ஹெட்டுக்கும் விடுமுறை என்று எண்ணக் கூடாது. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்து, எவருக்கும் பங்கு தவறாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நான்கு வண்ணத்துக்கும் அப்படித் தினமும் ஒரு பாடு வைக்க வேண்டும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நான்கும் வரும்படி ஒரு கையகல அகலத்துக்குப் பட்டை ஒன்று வரைந்து கணினியில் வைத்துக்கொண்டு, ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிச்சத் துண்டு ஃபிளெக்ஸில் அடித்துவிட வேண்டும். கருப்பு எழுத்து மட்டுமே உள்ள வேலை நாள் முழுவதும் ஓடினாலும் இந்தப் பட்டை தேவை. அன்று மற்ற மூன்று வண்ணங்களும் பட்டினி. பட்டைக்கு ஆகும் மை, ஒரு பலமான கிளீனிங்கில் கழிவாகப் போகும் மையைவிட மிகக் குறைவு.

ஒரு வாரத்துக்கு மேல் கடை பூட்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மையை இறக்கிவிட்டு, குழாயிலும் ஹெட்டிலும் கிளீனிங் திரவம் நிரப்பி வைப்பது உத்தமம். 2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. அத்தியாவசியக் கடை என்பதால் மளிகை திறந்திருந்தது; பேனர் அறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து அறைதானே, தினமும் பத்து நிமிடம் போய்ப் பட்டை அடித்திருக்கலாம் என்று பிறகு தோன்றும்.

புயல் வேறு மாதிரி. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தபோதும் அதே நிலை. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஹெட் நடுவழியில், கேப் இல்லாமல், திறந்த வாயோடு நிற்கும். அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. பல இயந்திரங்களில் கையால் மெதுவாகத் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவரலாம். கேப் மோட்டாரால் மேலே எழும் வகையாக இருந்தால் மின்சாரம் இல்லாமல் அது மூடாது. நனைத்த துணியை அடியில் கொடுத்து வைக்க வேண்டும், துணி காயக் காய மீண்டும் நனைக்க வேண்டும். ஒரு யு.பி.எஸ். இருந்தால் ஹெட்டைக் கேப்பில் சேர்க்கும் நேரமாவது கிடைக்கும். புயல் எச்சரிக்கை வந்த உடனே நீண்ட வேலைகளைத் தொடங்காமல், ஹெட்டை மூடி, மின்பலகைப் பக்கம் பிளாஸ்டிக் உறை போர்த்தி, பிளக்கைப் பிடுங்கி வைப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. கரையில் படகை மேடேற்றிக் கட்டுபவர் கட்டும் நேரமே நமக்கும் நேரம்.

கல்லாவில் உள்ள பில் இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வரி. அதிலும் ஹெட் உண்டு, ஆனால் மை கிடையாது. சூட்டால் தாளைக் கருக்கி எழுதுகிறது. பில்லில் நெடுக்காக வெள்ளைக் கோடு விழுந்தால், இயந்திரத்தை அணைத்து ஆறவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் ஹெட்டை ஒருமுறை துடையுங்கள். பேனர் இயந்திரத்தின் கிளீனிங் திரவத்தை இதில் தொடக்கூடாது.

கடைசியாக, மெக்கானிக் வரும்போது செய்ய வேண்டியது. ஹெட் மாற்றினால், சில வகைகளில் அதன் மேல் ஒட்டியுள்ள சீட்டில் மின்னழுத்த எண் இருக்கும். அந்த எண்ணைக் கணினியில் பதிந்தால்தான் துளி அளவு சரியாக விழும். பதிந்தாரா என்று கேளுங்கள். எண்ணை உங்கள் நாசில் டெஸ்ட் கோப்பின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். கழற்றிய பழைய ஹெட்டை அவரிடமே விட்டுவிடாமல் வாங்கி வையுங்கள். பழைய இயந்திரம் விலைக்கு வந்தால், விற்பவர் முன்கூட்டி அடித்து வைத்திருக்கும் பேனரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, சொல்லாமல் போய், கிளீனிங் செய்யவிடாமல் நாசில் டெஸ்ட் இரண்டு எடுத்துப் பாருங்கள். பிறகு பேரம் பேசலாம்.